பைத்தான்: முழு மாட்யூலை இம்போர்ட் செய்வதா, தேவையான பெயரை மட்டும் எடுப்பதா?

நிரல்நேசன்: எங்கள் டீமில் புது பைத்தான் ப்ராஜெக்ட் ஆரம்பிக்கிறோம். பாதிப் பேர் 'இம்போர்ட் ஜேசன்' என்று முழு மாட்யூலையும் (தேவையான ஃபங்ஷன்கள், கிளாஸ்கள் இருக்கும் பைத்தான் ஃபைல்) எடுத்து, 'ஜேசன்.லோட்ஸ்' என்று எழுதுகிறார்கள். மீதிப் பேர் 'ஃப்ரம் ஜேசன் இம்போர்ட் லோட்ஸ்' என்று எடுத்து, வெறும் 'லோட்ஸ்' என்று அழைக்கிறார்கள். ஒரே வழிக்கு வந்துவிடலாம் என்று பார்க்கிறேன். எது நல்லது?

கீற்று: முதல் வழிதான். லோட்ஸ் என்ற ஃபங்ஷன் ஜேசனில் மட்டுமா இருக்கிறது? பைத்தான் ஆப்ஜெக்ட்டுகளைச் சேமித்துத் திரும்ப எடுக்கும் பிக்கிளில் இருக்கிறது, டாம்ல் ஃபைல்களைப் படிக்க பைத்தான் 3.11-இல் வந்த டாம்ல்லிப்பிலும் இருக்கிறது. வெளியிலிருந்து வரும் டேட்டாவை ஜேசனிடம் கொடுத்தால் பயமில்லை. பிக்கிளிடம் கொடுத்தால் அதற்குள் ஒளித்து வைத்த நிரல் உங்கள் சர்வரில் ஓடிவிடும். கோட் ரிவ்யூவில் நடுவில் ஒரு வரியை மட்டும் பார்ப்பவருக்கு வெறும் 'லோட்ஸ்(டேட்டா)' எதைச் சொல்லும்? கூகுளின் பைத்தான் ஸ்டைல் கையேடும் மாட்யூலாகவே இம்போர்ட் செய்யச் சொல்கிறது.

ஆற்றங்கரை: ஒத்துக்கொள்ள மாட்டேன். லோட்ஸ் போன்ற பொதுப் பெயர்களுக்கு அது சரி. அதற்காக 'பாத்லிப்.பாத்', 'டேட்டாகிளாசஸ்.டேட்டாகிளாஸ்' என்று வரிக்கு வரி எழுத வேண்டுமா? முக்கியமான காரணம் வேறு. மேப்பிங் போன்ற கிளாஸ்களை கலெக்ஷன்ஸிலிருந்து நேரடியாக எடுக்கும் வசதி 3.10-இல் நீக்கப்பட்டது, கலெக்ஷன்ஸ்.ஏபிசி-யிலிருந்துதான் எடுக்க வேண்டும். ஃபைலின் தலையில் 'ஃப்ரம் கலெக்ஷன்ஸ் இம்போர்ட் மேப்பிங்' இருந்தால், வெர்ஷன் மாற்றியதும் ஃபைல் லோட் ஆகும்போதே எரர் வந்துவிடும். ஏதோ ஒரு ஃபங்ஷனுக்குள் 'கலெக்ஷன்ஸ்.மேப்பிங்' என்று இருந்தால், அந்த வரி ஓடும் வரை யாருக்கும் தெரியாது. அந்த வரி மாதக் கடைசியில் ஓடும் ரிப்போர்ட்டில் இருந்தால்?

கீற்று: அது நியாயமான வாதம்தான். ஆனால் ஃப்ரம் போட்டு எடுக்கும்போது, அந்தப் பெயர் அந்த நேரத்தில் எதைக் காட்டியதோ அதுதான் உங்கள் ஃபைலுக்கு வருகிறது. 'ஃப்ரம் செட்டிங்ஸ் இம்போர்ட் டைம்அவுட்' என்று எடுத்த பிறகு, வேறொரு இடத்தில் 'செட்டிங்ஸ்.டைம்அவுட்'டை மாற்றினால் உங்களிடம் பழைய மதிப்புதான் இருக்கும். டெஸ்டிலும் இதே தொல்லை. 'டைம்.ஸ்லீப்'பை மாக் செய்கிறீர்கள், அதாவது டெஸ்டுக்காக அதன் இடத்தில் ஒரு போலியை வைக்கிறீர்கள். ஸ்லீப்பைத் தனியாக எடுத்து வைத்திருக்கும் ஃபைலோ நிஜமாகவே தூங்கிக்கொண்டிருக்கும்.

ஆற்றங்கரை: பெயரைப் பயன்படுத்தும் இடத்தில் பேட்ச் செய்யுங்கள் (போலியை அங்கே வையுங்கள்) என்று மாக் ஆவணத்திலேயே எழுதியிருக்கிறது. அப்புறம், ஓடிக்கொண்டிருக்கும்போதே செட்டிங்ஸை மாற்றுவதுதான் அங்கே உண்மையான நோய். இம்போர்ட்டைக் குறை சொல்லிப் பயனில்லை.

புதுமாணவி: இடையில் ஒரு சந்தேகம் சார். ஒரு ஃபங்ஷனை மட்டும் எடுத்தால் மெமரி மிச்சமாகுமா? எல்லாம் வேண்டுமென்றால் பெயருக்குப் பதில் ஸ்டார் (*) போட்டுவிடலாமா?

கீற்று: மிச்சமாகாதும்மா. எப்படி எடுத்தாலும் மாட்யூல் முழுவதும் ஒருமுறை ஓடி, லோட் ஆன மாட்யூல்களை பைத்தான் வைத்திருக்கும் சிஸ்.மாட்யூல்ஸில் உட்கார்ந்துவிடும். ஸ்டார் மட்டும் வேண்டவே வேண்டாம். 'ஃப்ரம் ஓஎஸ் இம்போர்ட் ஸ்டார்' போட்டுப் பாருங்கள், பைத்தானின் சொந்த ஓப்பன் மறைந்து ஓஎஸ்ஸின் ஓப்பன் வந்து நிற்கும். வழக்கம்போல 'ஓப்பன்' என்று எழுதி, ஃபைல் பெயரோடு, படிப்பதற்கான 'ஆர்' என்று கொடுத்தால், அந்த இடத்தில் முழு எண் வேண்டும் என்று டைப்எரர் வரும். காரணம் புரியாமல் தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள்.

ஆற்றங்கரை: ஸ்டார் விஷயத்தில் எனக்கும் இதே கருத்துதான்.

நிரல்நேசன்: அப்படியென்றால் கிளாஸ்களை ஃப்ரம் போட்டு எடுப்போம், ஃபங்ஷன்களை மாட்யூல் பெயரோடு அழைப்போம். டேட்டைமை என்ன செய்வது? மாட்யூலுக்கும் கிளாஸுக்கும் ஒரே பெயர். ஒரு ஃபைலில் ஒரு மாதிரி, அடுத்ததில் வேறு மாதிரி எழுதிவிட்டு, 'டேட்டைம் மாட்யூலில் நவ் இல்லை' என்ற எரரை அடிக்கடி பார்க்கிறோம்.

கீற்று: 'இம்போர்ட் டேட்டைம் அஸ் டிடி' என்று எல்லா ஃபைலிலும் வையுங்கள். 'டிடி.டேட்டைம்.நவ்' என்று எழுதினால் குழப்பம் வராது.

ஆற்றங்கரை: கிளாஸுக்கு ஃப்ரம் என்று இப்போதுதானே முடிவு செய்தீர்கள்? டேட்டைமுக்கு மட்டும் விலக்கு கொடுத்தால் நாளைக்கு இன்னொன்றுக்கும் கேட்பார்கள். 'ஃப்ரம் டேட்டைம் இம்போர்ட் டேட்டைம்' என்றே வைத்து, மற்றதை லின்டரில் (கோட் விதிகளைச் சரிபார்க்கும் கருவி) தடுத்துவிடுங்கள்.