ஃபேக்ஸ் மோடம் "டயல் டோன் இல்லை" என்கிறது, போனில் டோன் நன்றாகக் கேட்கிறது. உதவி தேவை

மண்ணடி_கணக்கு

வணக்கம். லிங்கிச் செட்டித் தெருவில் ஒரு கிளியரிங் ஆபீஸில் கணக்கும் கம்ப்யூட்டரும் என் பொறுப்பு. பழைய ஃபேக்ஸ் மெஷின் போன மழையோடு படுத்துவிட்டது. அதற்கு ரோலரும் கிடைக்கவில்லை, பிரித்துப் பார்க்கும் ஆளும் கிடைக்கவில்லை. ரிச்சி தெருவில் ஒரு யூஎஸ்பி ஃபேக்ஸ் மோடம் வாங்கி வந்தேன். 56கே என்று போட்டிருக்கிறது, ஒயர் செருக ஒரே ஒரு ஓட்டைதான்.

கம்ப்யூட்டர் விண்டோஸ் 10 ப்ரோ. டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறி எதுவும் இல்லாமல் காம்3 போர்ட் என்று காட்டுகிறது. டயக்னாஸ்டிக்ஸில் க்வெரி மோடம் அழுத்தினால் பதில் வருகிறது. விண்டோஸ் ஃபேக்ஸ் அண்ட் ஸ்கேனில் அக்கவுன்டும் போட்டாயிற்று. ஆனால் எதை அனுப்பினாலும் அவுட்பாக்ஸிலேயே நின்றுகொண்டு "டயல் டோன் இல்லை" என்கிறது. அதே ஒயரைப் பிடுங்கி போனில் செருகினால் டோன் கணீரென்று கேட்கிறது.

லைன் முன்பு செப்புக் கம்பி, இப்போது ஃபைபர். ஃபைபர் பெட்டியின் போன் ஓட்டையிலிருந்து ஒரு ஒயர் எடுத்து, சுவரில் இருந்த பழைய ரோசெட் பெட்டியில் முறுக்கிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அங்கிருந்து முதலாளி மேசைக்கும் ரிசப்ஷனுக்கும் அதே லைனில் பேரலல் போன் போகிறது.

"இந்தக் காலத்தில் ஃபேக்ஸா?" என்று கேட்கப் போகிறவர்களுக்கு: கஸ்டம்ஸ் வேலை எல்லாம் ஐஸ்கேட்டில் ஆன்லைனில்தான் நடக்கிறது. ஜப்பானில் ஒரு பழைய பார்ட்டி மட்டும் கையெழுத்து போட்ட காகிதத்தை ஃபேக்ஸில்தான் கேட்கிறார். அவரை மாற்ற முதலாளியே தயாராக இல்லை, நான் எந்த மூலைக்கு.

பெரம்பூர்_சிஸ்டம்ஸ்

இரண்டு சின்ன கேள்வி. ஆபீஸில் இன்டர்காம் பெட்டி இருக்கிறதா? இருந்தால் நீங்கள் கேட்பது இன்டர்காமின் டோனாக இருக்கும். வெளி லைனுக்கு 0 போட வேண்டியிருக்கும். இன்னொன்று, மோடத்தோடு வந்த ஒயரைத்தான் போட்டீர்களா? சில ஒயர்களில் நடு இரண்டு கம்பிக்கு இணைப்பே இருக்காது.

மண்ணடி_கணக்கு

இன்டர்காம் இல்லை சார், நேர் லைன்தான். ஒயரை மாற்றிப் பார்த்தாயிற்று, அதே கதை.

ராயபுரம்_ராக்கெட்

ஆன்லைன் ஃபேக்ஸ் சேவை ஒன்றில் சேர்ந்துவிடு தலைவா. மெயிலில் பிடிஎஃப் போட்டால் அங்கே காகிதமாக விழும். ஃபைபர் லைனில் ஃபேக்ஸ் மோடம் ஓடவே ஓடாது, நேரம் வேஸ்ட்.

ஓய்வு_லைன்மேன்

ஓடவே ஓடாது என்பது சரியில்லை தம்பி. ஓடும், ஆனால் செப்புக் கம்பியில் ஓடியது போல எதையும் கண்டுகொள்ளாமல் ஓடாது. நான் வேலை செய்தது ஹார்பர் பக்கம்தான். அந்தத் தெருக்களின் லைன் எல்லாம் ஏறி இறங்கியவன்.

கேள்வி கேட்டவருக்கு முதலில் ஒரு விஷயம். முன்பு உங்களுக்கு டோன் கொடுத்தது எக்ஸ்சேஞ்ச். இப்போது அதை உண்டாக்குவது மேசைக்கு அடியில் இருக்கும் அந்தப் பெட்டி. இந்திய டயல் டோன் 400 ஹெர்ட்ஸ், அது 25 ஹெர்ட்ஸில் ஏறி இறங்கும். அமெரிக்க டோன் 350-ம் 440-ம் சேர்ந்தது. நம் காதுக்கு இரண்டும் "ஙொய்" தான், மோடத்துக்கு அப்படி இல்லை. எந்த நாட்டுக் கணக்கில் அதை வைத்திருக்கிறதோ அந்த நாட்டு டோனை எதிர்பார்க்கும். கடையில் விற்கும் மோடங்கள் பெரும்பாலும் அமெரிக்கக் கணக்கில்தான் வருகின்றன.

பெரம்பூர்_சிஸ்டம்ஸ்

ஐயா சொல்வது சரி, அதைச் சோதித்துப் பார்த்துவிடலாம். புட்டி போன்ற ஒரு சீரியல் புரோகிராமில் காம்3-ஐத் திறந்து, ஆங்கில எழுத்தில் ஏடி+ஜிசிஐ? என்று தட்டி என்டர் கொடுங்கள். பி5 என்று வந்தால் அமெரிக்கா. இந்தியாவுக்கு 53. மாற்ற ஏடி+ஜிசிஐ=53. எல்லா மோடத்துக்கும் இந்தக் கட்டளை தெரியாது, எர்ரர் வந்தால் சொல்லுங்கள்.

அப்படியே ஏடி+எஃப்கிளாஸ்=? என்றும் கேட்டுவிடுங்கள். பதிலில் 1 இருந்தால் கிளாஸ் 1 ஃபேக்ஸ் உண்டு என்று அர்த்தம், விண்டோஸுக்கு அது போதும். வேலை முடிந்ததும் புட்டியை மூடிவிடுங்கள். அது திறந்திருக்கும்வரை போர்ட் அதன் கையில்தான், ஃபேக்ஸுக்குக் கிடைக்காது.

மண்ணடி_கணக்கு

பி5 தான் வந்தது! 53 போட்டதும் ஓகே என்றது. எஃப்கிளாஸுக்கு 0,1,1.0,2,8 என்று பதில். ஆனால் கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டால் மறுபடி பி5 ஆகிவிடுகிறது.

பெரம்பூர்_சிஸ்டம்ஸ்

அதற்கு இடம் இருக்கிறது. கன்ட்ரோல் பேனலில் போன் அண்ட் மோடம் திறந்து, லொகேஷனில் நாடு இந்தியா, ஏரியா கோடு 44 என்று இருக்கிறதா பாருங்கள். அப்புறம் மோடம் ப்ராப்பர்ட்டீஸ் போய், முதல் பக்கத்தில் சேஞ்ச் செட்டிங்ஸ் அழுத்துங்கள். அதை அழுத்தாவிட்டால் மற்றதெல்லாம் சாம்பல் நிறத்தில் செத்துக் கிடக்கும், பாதிப் பேர் இந்த இடத்தில்தான் திரும்பி வருகிறார்கள். அட்வான்ஸ்டு பக்கத்தில் எக்ஸ்ட்ரா இனிஷியலைசேஷன் கமாண்ட்ஸ் என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் ஏடி+ஜிசிஐ=53 என்று எழுதி வையுங்கள்.

அதற்கும் மசியவில்லை என்றால் மோடம் பக்கத்தில் "டயல் டோனுக்குக் காத்திரு" என்ற டிக்கை எடுத்துவிடலாம். ஏடிஎக்ஸ்3 என்ற கட்டளையும் அதே வேலையைத்தான் செய்யும்.

ஓய்வு_லைன்மேன்

அந்த எக்ஸ்3-ஐக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதைப் போட்டால் மோடம் எதையும் கேட்காமல் கண்ணை மூடிக்கொண்டு டயல் பண்ணும். முதலாளி பேரலல் போனில் பேசிக்கொண்டிருக்கும்போது அவர் காதில் டிக் டிக் டிக் என்று எண் விழும். யார் திட்டு வாங்குவது?

மண்ணடி_கணக்கு

எக்ஸ்3 தேவைப்படவில்லை ஐயா. 53 மட்டும் போட்டதில் டயல் ஆகிவிட்டது. எதிர்ப்பக்கம் ஃபேக்ஸ் மெஷின் எடுக்கும் கீச்சுச் சத்தமும் கேட்டது. ஆனால் ஜப்பானுக்கு முதல் பக்கம் பாதி போனதும் அறுந்துவிடுகிறது. சில நேரம் ஒரு பக்கம் முழுதாகப் போய் இரண்டாவதில் நின்றுவிடுகிறது. அதே எண்ணுக்கு வாயால் பேசினால் எந்தக் குறையும் இல்லை, அதனால் ஐஎஸ்டி அடைப்பு என்றும் சொல்ல முடியாது.

ராயபுரம்_ராக்கெட்

நான் சொன்னேன்ல.

பெரம்பூர்_சிஸ்டம்ஸ்

ராக்கெட் அண்ணே, கொஞ்சம் பொறுங்க. டயல் டோனே இல்லை என்ற ஆள் இப்போது ஜப்பான்வரை போயிருக்கிறார்.

எங்கள் கடையில் ஒரு லேசர் ஃபேக்ஸ் மெஷின் இன்னும் செப்பு லைனில் இருக்கிறது. எண்ணைத் தனிச் செய்தியில் அனுப்புகிறேன். மூன்று பக்கம் அனுப்பிப் பாருங்கள். உள்ளூரிலேயே அறுந்தால் கோளாறு உங்கள் ஆபீஸ் பக்கம். இங்கே ஒழுங்காக வந்து ஜப்பான் மட்டும் அறுந்தால் அது வேறு கதை.

மண்ணடி_கணக்கு

அனுப்பினேன். முதல் தடவை வந்திருக்கும், இரண்டாவது பாதியில் நின்றது.

பெரம்பூர்_சிஸ்டம்ஸ்

ஆமாம், வந்ததிலும் நடுவில் கோடு கோடாக இருக்கிறது. மெஷின் ரிப்போர்ட்டில் வேகம் 14400-இல் ஆரம்பித்து 7200-க்கு இறங்கியிருக்கிறது. லைனில் அழுக்கு இருக்கிறது.

ஓய்வு_லைன்மேன்

இப்போது நான் சொல்கிறேன், கேளுங்கள். அந்த ரோசெட் பெட்டியைத் திறந்து பாருங்கள். ஹார்பர் பக்கம் உப்புக்காற்று, செப்பு எல்லாம் பச்சைக் களிம்பு பிடித்திருக்கும். அதில் புது ஒயரை முறுக்கிக் கொடுத்திருக்கிறார்கள். பேச்சுக்கு அது போதும், லேசாகக் கரகரத்தாலும் நம் மூளை சரி செய்துகொள்ளும். ஃபேக்ஸுக்கு அந்தக் கரகரப்புதான் கோடாக விழுவது.

மோடத்தை அந்தச் சுவர்ப் பக்கமே கொண்டு போகாதீர்கள். ஃபைபர் பெட்டியின் போன் ஓட்டையிலிருந்து நேராக ஒரு சின்ன ஒயர், அதன் மறுமுனையில் மோடம், அவ்வளவுதான். பேரலல் இரண்டையும் கழற்றிவிட்டுச் சோதியுங்கள். ரிசப்ஷனில் யாராவது ரிசீவரைத் தூக்கினாலே ஃபேக்ஸ் அறுந்துவிடும்.

அடுத்தது பெட்டிக்கு உள்ளே நடப்பது. உங்கள் குரலை அது துண்டு துண்டாக நறுக்கி இன்டர்நெட் வழியாக அனுப்புகிறது. நறுக்கும் முறைக்குக் கோடெக் என்று பெயர். ஜி.711 என்ற முறையில் நறுக்கினால் விநாடிக்கு 64 கிலோபிட், சத்தம் ஏறக்குறைய அப்படியே போகும். ஜி.729 என்றால் 8 கிலோபிட்டுக்கு அமுக்கிவிடும். அது மனிதக் குரலுக்கென்று செய்தது, ஃபேக்ஸின் சத்தத்தை அதில் அமுக்கினால் அந்தப் பக்கம் போய்ச் சேர்வது கஞ்சிதான். இதற்கென்றே டி.38 என்று ஒரு முறை இருக்கிறது. அதில் ஃபேக்ஸைச் சத்தமாக அனுப்பாமல், பெட்டியே படித்துத் தகவலாக அனுப்பிவிடும்.

கம்பெனிக்காரர்களுக்கு போன் பண்ணி "ஃபேக்ஸ் போகவில்லை" என்று மட்டும் சொன்னால் பெட்டியை அணைத்துப் போடச் சொல்வார்கள். "வாய்ஸ் போர்ட்டில் கோடெக் ஜி.711 முதலில் வர வேண்டும், டி.38 இருந்தால் திறந்துவிடுங்கள்" என்று கேளுங்கள். ஃபோன் எடுப்பவருக்குப் புரியாது, ஆனால் எழுதிக்கொண்டு மேலே அனுப்புவார்.

தண்டையார்பேட்டை_ஸ்கேனர்

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். லைனை ஐயா பார்த்துக்கொள்கிறார், நான் காகிதத்தைப் பற்றிக் கேட்கிறேன். லெட்டர்ஹெட்டில் பின்னணியில் சாம்பல் நிறத்தில் கப்பல் படம் ஏதாவது இருக்கிறதா? ரப்பர் ஸ்டாம்பை கலரில் ஸ்கேன் பண்ணுகிறீர்களா?

மண்ணடி_கணக்கு

கப்பல் இருக்கிறது. எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

தண்டையார்பேட்டை_ஸ்கேனர்

அந்தத் தெருவில் கப்பல் இல்லாத லெட்டர்ஹெட் எங்கே இருக்கிறது! அதுதான் உங்கள் நேரத்தைத் தின்கிறது. ஃபேக்ஸுக்குக் கறுப்பு, வெள்ளை இரண்டுதான் தெரியும். சாம்பலைக் காட்ட புள்ளி புள்ளியாக உடைக்கும். வெள்ளை வெளியை "இத்தனை புள்ளி வெள்ளை" என்று ஒரே சொல்லில் சுருக்கி அனுப்பிவிடலாம், புள்ளிக் காட்டை அப்படிச் சுருக்க முடியாது. அரை நிமிஷத்தில் போக வேண்டிய பக்கம் பல நிமிஷம் இழுக்கும். லைன் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறதோ அவ்வளவுக்கு அறுந்துபோக வாய்ப்பு.

கப்பல் இல்லாத வெள்ளைத் தாளில் பிரின்ட் எடுங்கள். ஸ்கேனில் கலரும் வேண்டாம், கிரேஸ்கேலும் வேண்டாம், பிளாக் அண்ட் ஒயிட். அனுப்பும்போது ஃபைன் வேண்டாம், ஸ்டாண்டர்டு. ஃபைனில் அங்குலத்துக்கு 196 வரி, ஸ்டாண்டர்டில் 98. பாதிக்குப் பாதி வேலை மிச்சம். எழுத்து மட்டும் 12 பாயின்ட்டுக்குக் கீழே போக வேண்டாம், படிக்க முடியாது.

மண்ணடி_கணக்கு

ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தேன், விவரம் எழுதுகிறேன், வேறு யாருக்காவது உதவும்.

ரோசெட்டைத் திறந்தால் ஐயா சொன்னது போலவே பச்சை. ஃபைபர் பெட்டியிலிருந்து நேராக மோடத்துக்கு ஒயர் கொடுத்ததும் பெரம்பூருக்கு மூன்று பக்கமும் கோடு இல்லாமல் போயிற்று. ஜப்பானுக்கு ஒரு பக்கம் போயிற்று, இரண்டாவது அப்போதும் நின்றது. கப்பலை எடுத்துவிட்டு ஸ்டாண்டர்டில் அனுப்பியதும் இரண்டு பக்கமும் ஒரே மூச்சில் போய்விட்டன. அங்கிருந்து "தெளிவாக இருக்கிறது" என்று மெயில் வந்தது. ஃபேக்ஸ் வந்ததை மெயிலில் சொல்கிறார்கள், அதை முதலாளியிடம் காட்டவில்லை.

கம்பெனியில் கோடெக் புகார் பதிவாகியிருக்கிறது, பதில் இன்னும் இல்லை. ஐந்து ஆறு பக்கம் அனுப்பும் நாள் வந்தால்தான் அது தெரியும்.

இன்னொரு சந்தேகம். அவர்கள் அனுப்புவதை வாங்கவும் இதே மோடத்தை வைக்கலாமா? அதே எண்ணில்தான் மற்ற போனும் வருகிறது.

பெரம்பூர்_சிஸ்டம்ஸ்

வைக்கலாம். ஃபேக்ஸ் செட்டிங்ஸில் ரிசீவ் பண்ண அனுமதித்து, மேனுவல் ஆன்சர் வையுங்கள். ஆட்டோமேட்டிக் வைத்தால் பேச வரும் பார்ட்டி காதிலும் கீச்சென்று கத்தும். போனை எடுத்ததும் 1100 ஹெர்ட்ஸில் விட்டு விட்டு ஒரு "பீப்" கேட்டால் அது ஃபேக்ஸ். உடனே கம்ப்யூட்டரில் ரிசீவ் எ ஃபேக்ஸ் நவ் அழுத்திவிட்டு, மோடம் லைனைப் பிடித்ததும் ரிசீவரை வைத்துவிடுங்கள். போனை ரோசெட் வழியாக விடாமல், ஃபைபர் பெட்டியிலேயே ஒரு டூ-வே சாக்கெட் போட்டு மோடத்தின் பக்கத்தில் வையுங்கள். கம்ப்யூட்டர் ஸ்லீப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், தூங்கும் கம்ப்யூட்டர் ஃபேக்ஸ் எடுக்காது.

ஓய்வு_லைன்மேன்

ஃபைபர் பெட்டியை யூபிஎஸ்ஸில் போடுங்கள். செப்பு லைனுக்கு எக்ஸ்சேஞ்ச் பேட்டரியிலிருந்து 48 வோல்ட் வந்துகொண்டிருந்தது, கரன்ட் போனாலும் போன் பேசியது. இந்தப் பெட்டிக்கு உங்கள் ஆபீஸ் கரன்ட்தான். அது போனால் போனும் இல்லை, ஃபேக்ஸும் இல்லை. ஜப்பானில் இருப்பவருக்கு மணி அடிக்காமல் இருந்தால் மண்ணடியில் பவர்கட் என்றா தெரியும்?

ராயபுரம்_ராக்கெட்

சரி, ஓடுது. ஒத்துக்கறேன். ஆறு பக்கம் போகட்டும், அப்புறம் பேசலாம்.

பெரம்பூர்_சிஸ்டம்ஸ்

மறந்துவிட்டேன், மண்ணடி சார். மோடத்தை இப்போது இருக்கும் யூஎஸ்பி ஓட்டையிலிருந்து மாற்ற வேண்டாம். வேறு ஓட்டையில் செருகினால் விண்டோஸ் அதைப் புது மோடம் என்று எடுத்துக்கொண்டு காம்4, காம்5 என்று போகலாம். அந்த 53 வரியை மறுபடி எழுத வேண்டிவரும், ஃபேக்ஸ் அக்கவுன்டையும் புதிதாகக் காட்ட வேண்டிவரும். ஓட்டைக்கு மேலே ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள்.