இணைய விளம்பரமும் மாணவரின் வாங்கும் எண்ணமும்: சர்வேயில் எதை அளப்பது?

கேள்வி: பல்கலைக்கழக மாணவர்களிடம் சர்வே எடுக்கணும். எந்தக் காரணிகளை வைக்கலாம்?

பதில் 1: விளம்பர ஆய்வாளர் டூகாஃப் 1996-இல் முன்வைத்த மூன்றில் தொடங்குங்க: தகவல், பொழுதுபோக்கு, எரிச்சல். நம்பகத்தன்மையையும் சேர்க்கலாம். ஒவ்வொன்றுக்கும் 3, 4 கூற்றுகள், 5 புள்ளி லைக்கர்ட் அளவுகோல் ('முற்றிலும் மறுக்கிறேன்' முதல் 'முற்றிலும் ஏற்கிறேன்' வரை). "பயனுள்ளது, சுவையானது" என்று ஒரே வரியில் இரண்டைக் கேட்காதீங்க. பதில் எதற்கென்றே தெரியாது.

பதில் 2: முதலில் 30 பேரிடம் முன்னோட்டம். க்ரோன்பாக் ஆல்ஃபா (ஒரு காரணியின் கூற்றுகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகுதுன்னு காட்டும் எண்) 0.7-க்குக் கீழே வந்தால், எதிர்மறைக் கூற்றைத் திருப்பிக் குறியிட (5-ஐ 1 ஆக, 4-ஐ 2 ஆக) மறந்தீங்களான்னு பாருங்க.

பதில் 3: பெரிய பொறி வேற இடத்தில். தேடிய பொருளே விளம்பரமாகப் பின்தொடரும். அப்போ எண்ணம் முந்தியதா, விளம்பரமா? "ஏற்கெனவே தேடினீர்களா?" என்று தனியாகக் கேளுங்க. மாதச் செலவுப் பணத்தையும் கேளுங்க. காசில்லாதவரும் 'வாங்குவேன்' என்று டிக் அடிப்பார்.