லண்டனுக்கு மடக்குக்கத்தி கொண்டு போகலாமோ?

கிளிநொச்சிப் பெடியன்:
மாசியில படிக்க லண்டன் போறன். தோட்டத்தில பாவிக்கிற ஒப்பினெல் எண்ட பிரெஞ்சுக் கொம்பனியின்ர 6 ஆம் நம்பர் மடக்குக்கத்தி ஒண்டு இருக்கு. அலகு மூண்டு இஞ்சிக்குள்ளதான். பிடியடியில இருக்கிற வளையத்தைத் திருப்பினால் அலகு இறுகி நிக்கும். சட்டைப்பையில வைச்சுத் திரியலாமோ?

வவுனிக்குளத்தான்:
தம்பி, நீளத்தில நீங்கள் தப்பினாலும் வளையத்தில மாட்டுவியள். இங்கிலாந்தில 1988 ஆம் ஆண்டுக் குற்றவியல் நீதிச் சட்டத்தின்ர 139 ஆம் பிரிவுப்படி, காரணம் இல்லாமல் வெளியில கொண்டு திரியலாமெண்டா அது மடங்கிற கத்தியாயும், வெட்டுற விளிம்பு 3 இஞ்சிக்கு (7.62 செ.மீ.) மேற்படாமலும் இருக்கவேணும். இறுகிப் பூட்டுற கத்தியை 'மடங்கிற கத்தி' எண்டு எடுக்கேலாது எண்டு மேல்நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிப்போட்டுது. வளையத்தைத் திருப்பாமல்தானே வைச்சிருந்தனான் எண்டு றோட்டில நிண்டு பொலிசோட வாதாடாதேங்கோ.

வளையம் இல்லாத கத்தியை வீட்டிலேயே சோதிக்கலாம். கத்தியை விரிச்சு, ஒண்டையும் அமத்தாமல், திருப்பாமல், அலகின்ர முதுகில தள்ளுங்கோ. வில்லின்ர இறுக்கத்தோட மடங்கினால் சரி. தகடோ பொத்தானோ தடுத்தால் அது பூட்டுக்கத்தி. விக்ரொறினொக்ஸ் எண்ட சுவிஸ் கொம்பனியின்ர கத்தியில 91 மி.மீ. பிடி உள்ளது பூட்டாது, 111 மி.மீ. அநேகமாய்ப் பூட்டும். ஒப்பினெல் எண்டால் 5 ஆம் நம்பர் வரைக்கும் வளையம் இல்லை. பல்கருவிக் குறட்டில இருக்கிற கத்திக்கும் இதே கணக்குத்தான்.

கிளிநொச்சிப் பெடியன்:
சாப்பாட்டுக்கடையில பகுதிநேர வேலை கிடைச்சால் அண்ணை? சமையல் கத்தி கொண்டுபோக வேணுமே.

வவுனிக்குளத்தான்:
வேலை எண்டது சட்டம் ஏற்கிற காரணம். ஆனால் அதைக் காட்டவேண்டியது நீங்கள்தான். உறையில போட்டு, துணியில சுத்தி, பையின்ர அடியில வைச்சு, நேர வேலைக்குப் போய் நேர வீட்டை வாங்கோ. வேலையில்லாத நாள் அதே பையோட ஊர் சுத்தினால் அந்தக் காரணம் நிக்காது. 'பையில கிடந்ததை மறந்துபோனன்' எண்டது தனியச் செல்லாது. 'பாதுகாப்புக்கு வைச்சிருக்கிறன்' எண்டு மட்டும் வாய் தவறியும் சொல்லாதேங்கோ. மூண்டு இஞ்சிக்குள்ள உள்ள கத்தியையும் அந்த ஒரு வார்த்தை ஆயுதமாக்கிப்போடும். 139 இல குற்றம் நிரூபணமானால் கூடினது 4 வருசம் சிறை.

மாங்குளம் மாமா:
பொத்தானை அமத்தப் பாயிற கத்தி, உதறினால் விரியிற கத்தி ரெண்டையும் கொண்டே போகாதேங்கோ. அங்க இறக்குமதி செய்யவே தடை. 2021 ஆடியில இருந்து வீட்டுக்குள்ள வைச்சிருந்தாலும் குற்றம். கனடாவில நீளக் கணக்கு இல்லை, ஆனால் இந்த ரெண்டும் அங்கயும் தடைதான்.

மற்றக் கத்தியெல்லாம் கட்டுநாயக்கா விமானநிலையத்தில பாரம் போடுற சூட்கேசுக்குள்ள. கைப்பையில வைச்சால் ஸ்கானரடியில பறிச்சுப்போடுவாங்கள்.