அறுபதுக்கு மேல் குதிரையிலிருந்து இறங்குவது: இடது கால் எங்கே இருக்க வேண்டும்?

டோங்காட் குதிரைக்காரன்:
"வயதானவர்கள் இடது காலை அங்கவடியிலேயே (சேணத்தில் தொங்கும் கால்வளையம்) வைத்துக்கொண்டு, ஏணியில் இறங்குவது போல வலது காலைத் தரையில் ஊன்றினால் போதும்" என்று நேற்று ஒருவர் எழுதியிருக்கிறார். படித்ததும் எரிச்சல்தான் வந்தது. ஒரு கால் தரையில், மறு கால் மேலே மாட்டியிருக்கிறது. அந்த நேரத்தில் குதிரை நகர்ந்தால்? தரதரவென்று இழுத்துக்கொண்டு போகும். முதலில் இரண்டு காலையும் அங்கவடியிலிருந்து எடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

சாட்ஸ்வொர்த் மாமா:
அந்த "ஒருவர்" நான்தான். நேராகவே திட்டலாம். 15 கை (ஒரு கை நாலு அங்குலம்) உயரக் குதிரைக்குத் தோள்மட்டமே 152 சென்டிமீட்டர். அங்கிருந்து தொப்பென்று குதிக்க நான் என்ன விடலைப் பையனா?

டோங்காட் குதிரைக்காரன்:
குதிக்கச் சொன்னது யார்? முன்னால் சாய்ந்து, வலது காலைப் பின்பக்கமாகச் சுற்றி எடுத்து, வயிற்றைச் சேணத்தில் படுக்கவைத்து மெதுவாகச் சறுக்க வேண்டும். தரை தொடும்போது முழங்கால் மடங்கியிருக்க வேண்டும். இடது கால் வெளியே. அதை மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள்.

மாரிட்ஸ்பர்க் அக்கா:
ஏறுவதற்குப் போடும் மரப்படி உங்கள் இருவர் கண்ணிலும் படவில்லையா? அதன் மேலேயே இறங்கலாமே, உயரம் பாதியாகிவிடும். பக்கத்தில் அசையாமல் நிற்கக் குதிரையைப் பழக்கினால் சரி. காற்று ஊதிக்கொள்ளும் பாதுகாப்புச் சட்டை போடுபவர்கள் சேணத்தோடு மாட்டிய கயிற்றை முதலில் கழற்றுங்கள். மறந்து இறங்கினால் அது படாரென்று ஊதிக்கொள்ளும், குதிரை மிரளும்.

டோங்காட் குதிரைக்காரன்:
படி இருக்கட்டும் அக்கா. படியில் இறங்கும்போது இடது கால் எங்கே?

லேடிஸ்மித் தம்பி:
லெசோத்தோ எல்லையில் சானி கணவாய்ப் பக்கம் பசோதோ என்ற மலைக்குதிரையில் போனபோது வலது காலைக் கழுத்துக்கு மேலே தூக்கிப் போட்டுச் சறுக்கி இறங்கினேன். சுகமாகத்தான் இருந்தது.

டோங்காட் குதிரைக்காரன்:
அது தலையைத் தூக்கியிருந்தால் மல்லாக்க விழுந்திருப்பீர் தம்பி. கடிவாளமும் கையில் நின்றிருக்காது. வயசுப் பிள்ளை, தப்பித்தீர். இதைப் பெரியவர்களுக்குச் சொல்லிக் கொடுக்காதீர்.

சாட்ஸ்வொர்த் மாமா:
அமெரிக்க மாட்டுக்காரர்கள் இன்றும் அங்கவடியில் கால் வைத்துத்தான் இறங்குகிறார்கள். அவர்களுக்கும் போய்ப் பாடம் எடுங்கள்.

டோங்காட் குதிரைக்காரன்:
அவர்கள் சேணம் வேறு, பழக்கம் வேறு. உங்கள் இடது கால் உள்ளேயா, வெளியேயா?

சாட்ஸ்வொர்த் மாமா:
போன வருஷம் டிரக்கன்ஸ்பர்க் மலைக்குப் போனபோது சாதுவான குதிரையைத் தனக்கென்று பிடித்துக்கொண்டவர் கேட்கிறார்! 1897இல் தொடங்கிய டர்பன் ஜூலைக் குதிரைப் பந்தயத்தை வேலிக்கு வெளியே நின்று பார்த்தவரெல்லாம் குதிரைக்காரன் என்று பெயர் வைத்துக்கொண்டால் இப்படித்தான்.

டோங்காட் குதிரைக்காரன்:
என் தாத்தா லாயத்தில் வேலை பார்த்தவர். வார்த்தையை அளந்து பேசுங்கள்.

மாரிட்ஸ்பர்க் அக்கா:
அந்தச் சாதுவான குதிரையை எனக்குத் தருவதாகத்தான் பேச்சு. அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சாட்ஸ்வொர்த் மாமா:
தாத்தாவை நான் ஒன்றும் சொல்லவில்லை. பேரனைத்தான் சொன்னேன்.