கழுத்துக் கட்டியில் புற்றுநோய், மூலக்கட்டி எங்கே என்று தெரியவில்லை: அடுத்து என்ன செய்வது?

பாலக்கோட்டான்:
அனைவருக்கும் வணக்கம். என் பெரியப்பாவுக்கு வயது 58; பாலக்கோடு தக்காளி மண்டியில் கணக்கு எழுதுகிறார்; வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் நெடுநாளாக உண்டு. வலது தாடைக் கோணத்துக்குச் சற்றுக் கீழே நெல்லிக்காய் அளவில் வலியில்லாத கட்டி ஒன்று வந்து, மாத்திரைக்குக் கரையாமல் நின்றுவிட்டது. காசநோய் நெறிக்கட்டியாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தோம். ஊசி வைத்து எடுத்த சோதனையில், வேறோர் இடத்திலிருந்து பரவிய செதிள் செல் புற்றுநோய் (தோலிலும் வாய், தொண்டையின் உள்பரப்பிலும் உள்ள தட்டையான செல்களில் தொடங்குவது) என்று வந்திருக்கிறது. மூக்கு வழியாகக் கேமராக் குழாய் விட்டுப் பார்த்தும், கழுத்துக்கு சி.டி. ஸ்கேன் எடுத்தும் மூலக்கட்டி, அதாவது புற்றுநோய் முதலில் தொடங்கிய இடம், தென்படவில்லை. கட்டியை அறுத்து எடுத்துவிட்டால் போதாதா என்று வீட்டில் கேட்கிறார்கள். புற்றுநோய் உள்ள இடங்களை ஒளிரக் காட்டும் பெட் ஸ்கேனுக்குச் சேலம் போவதா, வேலூர் போவதா என்றும் புரியவில்லை.

ஈ.என்.டி. கிருஷ்ணகிரி:
அறுப்பதற்கு அவசரப்பட வேண்டாம். கழுத்தைத் திறந்து கட்டியை மட்டும் எடுத்தால், பின்னால் செய்ய வேண்டிய முறையான கழுத்து அறுவைக்கும் கதிர்வீச்சுக்கும் அந்த வடு இடைஞ்சலாகும். ஊசிச் சோதனையே போதும். அதில் திசு போதவில்லையென்றால் சற்றுத் தடித்த ஊசியால் சிறு சதைத்துண்டு எடுக்கும் கோர் பயாப்சி செய்வார்கள்.

கட்டி இருக்கும் இடமே பாதி வழியைக் காட்டிவிடும். தாடைக் கோணத்துக்குக் கீழே வந்தால் டான்சிலையும் அடிநாக்கையும் முதலில் சந்தேகிக்கிறோம். கழுத்தின் பின்பக்கம் என்றால் மூக்குத்தொண்டையை (மூக்குக்குப் பின்னால் உள்ள தொண்டையின் மேல்பகுதி). காறை எலும்புக்கு மேலே என்றால் நுரையீரல், உணவுக்குழாய் வரை தேட வேண்டியிருக்கும். அடுத்தது, எடுத்த திசுவிலேயே பி16 என்ற புரதத்துக்கும் இ.பி.வி. என்ற வைரஸுக்கும் உரிய சோதனைகளைச் செய்யச் சொல்லிக் கேளுங்கள். பி16 இருந்தால் எச்.பி.வி. என்ற வைரஸ் சார்ந்த டான்சில் அல்லது அடிநாக்குப் புற்றுநோயாக இருக்க வாய்ப்பு மிகுதி, இ.பி.வி. இருந்தால் மூக்குத்தொண்டை. நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்று வகுக்கும் சர்வதேச நிலைப்பிரிப்பின் எட்டாம் பதிப்பு வந்ததிலிருந்து, மூலக்கட்டி கிடைக்காவிட்டாலும் இந்த முடிவுகளை வைத்தே நோயின் நிலையைக் குறிக்கிறார்கள். புகையிலைப் பழக்கம் உள்ளவர் என்பதால் எச்.பி.வி. இராது என்று விட்டுவிடாதீர்கள்.

பெட் ஸ்கேன், மயக்கத்தில் செய்யும் பரிசோதனைக்கும் பயாப்சிக்கும் முன்னால் எடுக்கப்பட வேண்டும். பயாப்சி எடுத்த புண்ணும் படத்தில் ஒளிரும் என்பதால், பின்னால் எடுத்தால் எது நோய், எது புண் என்று பிரித்தறிவது கடினம். சேலமா, வேலூரா என்பது இரண்டாம் கேள்வி. எங்கே சிகிச்சை பெறப்போகிறீர்களோ அங்கேயே எடுப்பது நல்லது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் அந்த மருத்துவமனையில் செல்லுமா என்பதை முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஓசூர் மகள்:
என் அப்பாவுக்குப் பெட் ஸ்கேனிலும் ஒன்றும் தெரியவில்லை. சில மில்லிமீட்டர் அளவுள்ள கட்டி அதில் அகப்படாமல் போகலாம் என்றும், டான்சில் இயல்பாகவே ஓரளவு ஒளிரும் உறுப்பு என்பதால் அங்கே இருப்பது மறைந்துவிடலாம் என்றும் பெங்களூரில் விளக்கினார்கள். பிறகு மயக்கம் கொடுத்து, அடிநாக்கை விரலால் அழுத்திப் பார்த்து, டான்சிலைக் கிள்ளி எடுக்காமல் முழுதாகவே எடுத்தார்கள். டான்சிலின் குழிகள் ஆழமானவை. மேலாகக் கிள்ளினால் உள்ளே இருப்பது தப்பிவிடும். அதை மெல்லிய துண்டுகளாக அறுத்துப் பார்த்தபோதுதான் மூலக்கட்டி கிடைத்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அப்பாவின் கட்டியிலிருந்து நீர் வந்ததைப் பார்த்து, பிறவி நீர்க்கட்டி என்று ஓரிடத்தில் அனுப்பிவிட்டார்கள். நாற்பது வயதைக் கடந்தவருக்குக் கழுத்தில் புதிதாக நீர்க்கட்டி வந்தால், புற்றுநோய் இல்லை என்று உறுதியாகும்வரை சந்தேகத்தை விடக்கூடாது.

கதிர்வீச்சுப் பிரிவில் பணி:
மூலக்கட்டியை ஏன் இவ்வளவு தேடுகிறார்கள் என்றால், கிடைத்தால் கதிர்வீச்சை அந்தப் பக்கத்தோடு குறுக்கலாம். கிடைக்காவிட்டால் சந்தேகமுள்ள தொண்டைப் பகுதிகளையும், பல நேரங்களில் கழுத்தின் இரு பக்கங்களையும் சேர்த்துக் கொடுக்க நேரிடும்; உமிழ்நீர் வற்றி, சோற்றை விழுங்கத் தண்ணீர் துணை வேண்டும் நிலை பலருக்கு நீடிக்கிறது. ஆனாலும் தேடலையே மாதக்கணக்கில் இழுக்கக்கூடாது. முறைப்படி தேடியும் கிடைக்காதவர்களுக்கும் கழுத்து அறுவையோ கதிர்வீச்சோ, தேவைப்பட்டால் கீமோவும் கொடுக்கிறோம். அவர்களில் நன்றாகத் தேறியவர்கள் உண்டு. புகையிலையை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். கதிர்வீச்சு தொடங்குமுன் பல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். சொத்தைப் பல்லைப் பிறகு பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகக்கூடும்.

பாலக்கோட்டான்:
மிக்க நன்றி. வேலூரில் காட்ட முடிவு செய்திருக்கிறோம். ஊசிச் சோதனையை அங்கே மறுபடியும் செய்ய வேண்டியிருக்குமா?

ஈ.என்.டி. கிருஷ்ணகிரி:
பெரும்பாலும் தேவைப்படாது. சோதனை செய்த ஆய்வகத்தில் எழுதிக் கொடுத்து ஸ்லைடுகளையும், திசுவை மெழுகில் பதித்து வைத்த பிளாக்கையும் வாங்கிக்கொள்ளுங்கள். பி16 சோதனையைப் பிளாக்கிலிருந்து செய்வதே எளிது. பிளாக்கில் உள்ள எண்ணும் அறிக்கையில் உள்ள எண்ணும் ஒன்றா என்று அங்கேயே சரிபார்த்துவிடுங்கள். மெழுகு என்பதால் வெயிலில் நிற்கும் வண்டிக்குள் வைக்காமல் கைப்பையிலேயே கொண்டுபோங்கள். சி.டி. ஸ்கேனின் குறுந்தகட்டையும் கேட்டு வாங்குங்கள். அச்சிட்ட படம் மட்டும் போதாது.