மோப்பம் பிடித்து ஓடும் வெள்ளை அணுக்கள்: நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள்

மைக்ரோ மாணவி:
இரண்டாம் வருஷம் மேடம் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படத்துண்டு போட்டார். 1950-களில் அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் டேவிட் ராஜர்ஸ் எடுத்தது. சிவப்பணுக்களை முட்டித் தள்ளிக்கொண்டு நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணு ஒன்று பாக்டீரியாவைத் துரத்துகிறது. அது திரும்பினால் இதுவும் திரும்புகிறது. கண்ணா இருக்கிறது அதற்கு? பாக்டீரியா தன் புரதத்தை ஃபார்மைல் மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்தில் தொடங்கும்; அந்தத் துணுக்குகள் கசிவதை மோப்பம் பிடித்துத்தான் இந்த ஓட்டமாம். நீங்களும் சொல்லுங்கள்.

பிப்பெட் கை:
என்னுடையது அசட்டு அனுபவம். பாய்டன் சேம்பர், செல் எவ்வளவு நகர்கிறது என்று பார்க்கும் கருவி, 1962-ல் வந்த சமாச்சாரம். நடுவில் நுண்துளைச் சவ்வு, மேலே செல், கீழே அதை இழுக்கும் ஐஎல்-8 என்ற சமிக்ஞைப் புரதம். ஒரு நாள் தூக்கக் கலக்கத்தில் மேலேயும் அதே அளவு ஐஎல்-8 விட்டுத் தொலைத்தேன். சாயம் போட்டு எண்ணினால் வழக்கத்தில் கால்வாசிகூட இறங்கவில்லை. செல் செத்துவிட்டது என்று நினைத்து, ரத்தம் கொடுத்த சீனியரிடமே மறுபடி கை நீட்டச் சொன்னேன். நல்ல திட்டு. மணம் ஒரு பக்கம் தூக்கலாக இருந்தால்தான் செல்லுக்குத் திசை. வீடு முழுக்க ஒரே மாதிரி சாம்பார் மணம் வீசினால் அடுப்படி எந்தப் பக்கம் என்று யாருக்குத் தெரியும்?

வார்டு அக்கா:
குழந்தைகள் வார்டில் இருந்தபோது ஒரு மாதமாகியும் தொப்புள்கொடி விழாத பிள்ளை வந்தது. கொடியடியில் சிவந்திருந்தது, வெள்ளை அணுக்கள் குவிந்து உண்டாகும் சீழ் மட்டும் இல்லை. வெள்ளை அணுவோ 50,000-ஐத் தாண்டியது. மெஷின் கோளாறு என்று லேப்பில் மறுபடி ஓட்டினார்கள். வெள்ளை அணுவின் மேலிருக்கும் சிடி18 என்ற புரதத்துக்கான டெஸ்ட் வந்தபிறகு டாக்டர் விளக்கினார். புண்ணிலிருந்து அழைப்பு வருகிறது, அணுக்களும் ரத்தக்குழாய்ச் சுவரில் உருண்டு வருகின்றன, ஆனால் இறுகப் பிடித்து நிற்கும் அந்தப் புரதக் கொக்கி இல்லை. நிற்காமல் சுவரைத் தாண்ட முடியாது. அத்தனையும் ரத்தத்திலேயே சுற்றுகின்றன. "சீழ் இல்லையே சிஸ்டர், நல்லதுதானே?" என்று அந்த அம்மா கேட்டாள். எனக்கு நாக்கு எழவில்லை. மஜ்ஜை மாற்றுக்கு வேறு ஊருக்கு அனுப்பினோம்.

தாமிரபரணி:
எங்கள் வீட்டில் தலைகீழ், வரவேண்டாம் என்றாலும் வந்து குவியும். அப்பாவுக்குக் கால் கட்டைவிரலில் கவுட் என்ற மூட்டு வீக்கம். யூரிக் அமிலப் படிகத்தைச் சுற்றி நியூட்ரோஃபில் கூட்டம். கொல்கிசின் மாத்திரை அவற்றின் நடையைக் குலைக்கும் என்றார் டாக்டர். இரண்டாம் நாள் அப்பா காலை ஊன்றினார். மூன்றாம் நாள் அதே மாத்திரையால் வயிற்றுப்போக்கு. நடை பூராவும் கழிப்பறைக்குத்தான்.