டி.எஸ்.பாலையாவின்ர நடிப்பைப் பற்றித் தெரிஞ்ச ஆக்கள் கொஞ்சம் சொல்லுங்கோ

முத்தையன்கட்டுப் பெடியன்:
எல்லாருக்கும் வணக்கம். எங்கட விளையாட்டுக் கழகம் வற்றாப்பளைப் பொங்கல் முடியக் கையோட ஒரு நாடகம் போடப்போகுது, சமூக நாடகம்தான். எனக்குத் தந்திருக்கிறது பொம்பிளையின்ர தேப்பன் வேசம். காசுக்காரன், வாய்வீச்சுக் கூட, உள்ளுக்குள்ள பயந்தாங்கொள்ளி. எனக்கு வயசு 24, மீசையே இன்னும் ஒழுங்கா வரேல்ல. பழக்கிற அண்ணை ஒத்திகைக்குப் போற நேரமெல்லாம் "டேய், போய்ப் பாலையாவைப் பாத்திட்டு வா" எண்டு கலைக்கிறார். நாகேஷ், நம்பியார் எல்லாம் தெரியும், இவரை எண்டால் திருவிளையாடல்ல பாகவதரா வந்தவர் எண்ட அளவில மட்டும்தான். அந்தாள் ஆர், எப்பிடி வந்தவர், எதை முதல் பாக்கிறது, பாக்கேக்க என்னத்தைக் கவனிக்கிறது? எல்லாப் படத்தையும் முழுசாப் பாக்க டேட்டா காணாது, அதையும் யோசிச்சுச் சொல்லுங்கோ.

கனகராயன்:
தம்பி, பாலையாவை வெறும் அப்பா வேசக்காரன் எண்டு நினைச்சுத் தொடங்காத. 1914ல தூத்துக்குடிப் பக்கம் சுண்டன்கோட்டையில பிறந்து, நாடக மேடையில ஊறிப்போட்டு, 1936ல சதி லீலாவதியில படத்துக்கு வந்தவர். எம்.ஜி.ஆருக்கும் அதுதான் முதல் படம், என்.எஸ்.கிருஷ்ணனும் அதில நடிச்சவர், எடுத்தவர் எல்லிஸ் டங்கன் எண்ட அமெரிக்காக்காரர். எம்.ஜி.ஆருக்கு அதில ஒரு சின்ன இன்ஸ்பெக்டர் வேசம், இவர் வில்லன். அடுத்த வருசம் வந்த அம்பிகாபதியில தியாகராஜ பாகவதரோட வாள் சண்டை பிடிக்கிற தளபதியும் இவர்தான். பேந்து கனகாலம் வில்லத்தனம்தான் பிழைப்பு, 1956ல மதுரை வீரன்லயும் எம்.ஜி.ஆருக்கு எதிர்ப்பக்கம் நிக்கிறார். இடையில 1948ல மோகினி எண்டு ஒரு படம், அதில பாலையாவும் மாதுரி தேவியும் ஒரு சோடி, எம்.ஜி.ஆரும் வி.என்.ஜானகியும் மற்றச் சோடி. அங்கயிருந்து ஆர் எங்க போனது எண்டு உனக்கு நான் சொல்லத் தேவையில்லை.

என்ர கணக்கில அந்தாளுக்குக் கதாநாயகன் பட்டம் வராமப் போனது எங்களுக்குத்தான் லாபம். தூக்குத் தூக்கியில (1954) கொச்சைத் தமிழ் கதைக்கிற சேட்டு, பாகப்பிரிவினையில (1959) சொத்துப் பிரியிற குடும்பத்தில மூத்தவர், எல்லாம் வேற வேற ஆள் மாதிரி இருக்கும். ஆனா எங்கட சனம் பாலையா எண்டு சொல்லுறது முழுக்க 50 வயசை ஒட்டி வந்த படங்களைத்தான்: காதலிக்க நேரமில்லை 1964, திருவிளையாடல் 1965, பாமா விஜயம் 1967, தில்லானா மோகனாம்பாள் 1968. 1972ல 57 வயசில ஆள் செத்துப்போனார். கரகாட்டக்காரன்ல வந்த ஜூனியர் பாலையா இவற்ற மகன், அவரும் 2023ல காலமாகிட்டார்.

உன்ர வேசத்துக்குக் காதலிக்க நேரமில்லை ஒண்டே காணும்.

பனங்காமத்தான்:
நான் எல்லாரோடயும் ஒத்துப்போகமாட்டன், குறை நினைக்காதேங்கோ. பாலையா நல்ல நடிகர்தான், ஆனா கொஞ்சம் தூக்கல். சொல்லை இழுக்கிறது, தலையை ஆட்டுறது, கண்ணை உருட்டுறது எல்லாம் நாடக மேடைச் சரக்கு. அப்பா வேசமெண்டால் எனக்கு ரங்காராவ்தான், மனுசன் சும்மா வந்து கதிரையில இருந்தாலே வீடு நிறைஞ்சிரும். தம்பி, உனக்கு 24 வயசு, நீ போய்ப் பாலையாவைக் கொப்பி அடிச்சாய் எண்டால் மிமிக்ரி மாதிரித்தான் வரும், சனம் சிரிக்கும்தான், ஆனா நீ நினைக்கிற இடத்தில சிரிக்காது.

வட்டுவாகல் அக்கா:
பனங்காமத்தான் அண்ணை, ரங்காராவ் பெரிய ஆள்தான் ஆர் இல்லையெண்டது, ஆனா ரங்காராவ் பயந்து நடுங்கினா ஆர் நம்புவினம்? தம்பிக்குத் தந்திருக்கிறது பயந்தாங்கொள்ளி வேசமல்லோ.

நான் பாலையாவைப் பாக்க முதல் கேட்டனான். 90களில இஞ்ச வன்னியில சண்டைக்காலம், கரண்ட் இல்லை, பற்றரியும் தடை, சைக்கிளைக் கவிட்டு வச்சு பெடலைச் சுத்தி டைனமோவில தான் ரேடியோவும் கசெற்றும் ஓடினது, அண்ணனும் நானும் மாறி மாறிச் சுத்துவம், கை உழைஞ்சு வேகம் குறைஞ்சா பாலையாவின்ர ஹேமநாத பாகவதற்ற குரல் அப்பிடியே பள்ளத்துக்குள்ள இறங்கும், உடன அம்மா குசினிக்குள்ள இருந்து "சுத்துங்கோடா" எண்டு கத்துவா. திருவிளையாடல் கதைவசனக் கசெற் அது, எங்கட ஒழுங்கையில எல்லா வீட்டுக்கும் போய்வந்த ஒண்டு. முகம் தெரியாமலே அந்தக் குரல்ல எனக்கு ஆளின்ர தலைக்கனமும் விளங்கினது, பிறகு விறகுவெட்டி திண்ணையில இருந்து பாடக் கேட்டு வெலவெலத்துப் போறதும் விளங்கினது. ஒரு நாள் போதுமா பாட்டைப் பாடினது பாலமுரளி கிருஷ்ணா எண்டு பெரியாளாகித்தான் தெரியும், அதுவரைக்கும் பாலையா தான் பாடுறார் எண்டு நாங்கள் அடிச்சுச் சொல்லுவம். பிறகு மல்லாவியில ஒரு கலியாண வீட்டில ஜெனரேட்டர் போட்டு வீடியோ டெக்கில படம் ஓடேக்கதான் முகத்தைப் பாத்தன். பாட்டுக்கு அந்த வாயசைவும் கையும் பாருங்கோ, ஒரு சுரம் விலகாது.

முத்தையன்கட்டுப் பெடியன்:
நன்றி அக்கா, அண்ணையாக்கள். நேற்று இரவு யூடியூப்பில துண்டு துண்டாக் கிடந்ததுகளைப் பாத்தன். காதலிக்க நேரமில்லையில நாகேஷ் பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்லுற இடம், சிரிச்சுச் சிரிச்சு அப்பாவையும் எழுப்பிப் போட்டன். ஆனா ஒரு சந்தேகம், அதில கதைக்கிறது முழுக்க நாகேஷ்தானே, பாலையா என்ன செய்யிறார் எண்டு சொல்லத் தெரியேல்ல, ஆனா நான் பாத்தது பாலையாவைத்தான். இது என்ன மாயம்?

பழைய அண்ணாவி:
தம்பி, அதைப் பிடிச்சிட்டாய், இனிப் பயமில்லை.

நான் முள்ளியவளையில கோவலன் கூத்து ஆடின ஆள், நாடகமும் பழக்கியிருக்கிறன். எங்கட களரியில தூரத்தில பாய் விரிச்சுக் குந்தியிருக்கிற கிழவிக்கும் விளங்கவேணும், அதால எல்லாத்தையும் பெரிசாத்தான் செய்யிறது. பாலையாவும் மேடையில வளந்த ஆள்தான், பனங்காமத்தான் சொன்னது பொய்யில்லை. ஆனா பேய்க்கதை இடத்தில ஆள் என்ன செய்யிறார் எண்டு திரும்பப் பார். கதை தொடங்கேக்க "இவன் என்ன சொல்லப்போறான்" எண்ட இளக்காரம் முகத்தில இருக்கும். பிறகு நாகேஷ் வாயால சத்தம் போடப் போட இவற்ற கண் விரியுது, வாய் தன்பாட்டில திறக்குது, உடம்பு கதிரைக்குள்ள ஒடுங்குது. எல்லாம் ஒரேயடியா வராது, ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒவ்வொரு படி. இதில வசனமெண்டு அவருக்குப் பெரிசா ஒண்டுமில்லை. இவர் பயப்பிடாட்டில் நாகேஷ் சொல்லுறது வெறும் அலட்டல்.

அதே படத்தில முத்துராமன் அசோக்கின்ர தேப்பன் எண்டு பணக்காரக் கிழவனா வேசம் போட்டு வந்தாப் பிறகு "அசோகர் உங்க மகருங்களா" எண்டு குழையிறாரே, அதையும் பார். முதல் வேலையை விட்டுக் கலைச்ச பெடியனைத்தான் அப்பிடிச் சொல்லுறார். குரல் மட்டும் குழையேல்ல, முதுகும் சேந்து வளையுது.

தில்லானா மோகனாம்பாள்ல தவில்காரன் முத்துராக்கு. நாங்கள் அளவெட்டி தெட்சணாமூர்த்தியின்ர தவிலைக் கேட்டு வளந்த சனம், தவிலைத் தொட்டவனையும் தொடாதவனையும் கோயில் வாசல்ல நிண்டே பிரிச்சுச் சொல்லுவம், எங்களையே நம்ப வச்சார். நாதசுரத்துக்குப் பக்கத்தில நிக்கிற தவில்காரனுக்கு எப்ப பாத்தாலும் ஒரு கண் மற்றவரில இருக்கும், அந்தக் கண் அவரிட்ட இருக்கு. ரயில் பெட்டியில சிவாஜியும் பத்மினியும் கண்ணால கதைக்கேக்க இடையில இருந்து பாலையா படுற பாட்டைப் பாத்தியெண்டால், எங்க பாக்கவேணும், எங்க பாக்காத மாதிரி இருக்கவேணும் எண்டு விளங்கும்.

உனக்கு வேலை இதுதான். உன்ர வசனத்தைப் பாடமாக்கிறதை விட எதிராளின்ர வசனத்தைப் பாடமாக்கு. அவன் எந்தச் சொல்லில உன்னைக் குத்துறான் எண்டு குறிச்சு வை. அந்தச் சொல் வாறதுக்கு முதலே முகத்தை மாத்திப் போடாத, உங்கட வயசுப் பெடியள் எல்லாரும் செய்யிற பிழை அது.

பனங்காமத்தான்:
அண்ணாவியார் சொன்னது சரிதான், ரங்காராவ் விசயத்தில மட்டும் நான் மாறமாட்டன்.

முத்தையன்கட்டுப் பெடியன்:
ஐயா, கோடி நன்றி. கடைசியா ஒண்டு, வயசு காட்ட குரலைத் தடிப்பாக்கிக் கதைக்கட்டோ? தலைக்குப் பவுடர் போடுவம் எண்டும் கழகத்தில சொல்லுறாங்கள்.

பழைய அண்ணாவி:
குரலைத் தொடாத, அரை மணித்தியாலத்தில தொண்டை அடைச்சிரும். பவுடர் கொஞ்சமாப் போடு, வேர்வைக்கு வழிஞ்சு சட்டையெல்லாம் வெள்ளையாகும். நடையை மட்டும் மாத்து, காசுக்காரன் அவசரப்பட்டு நடக்கமாட்டான், பயம் வரேக்கதான் கால் ஓடவேணும். மருமகனா நடிக்கிறவன் ஆர்? அவனையும் கூட்டிக்கொண்டுபோய் அந்தப் பேய்க்கதையைக் காட்டு. அவன் நாகேஷின்ர பங்கைச் செய்யாட்டில் நீ ஆரைப் பாத்துப் பயப்பிடுறது?